உடனுண்ணகம்

என் வீட்டுக்காரருக்குத் தமிழ்ப் பைத்தியம் என்று சொன்னால் அவருக்குக் கோபம் வரும். பைத்தியம் வடசொல்லாம். பித்து என்றுதான் சொல்ல வேண்டுமாம். சரி, பித்து. கல்யாணமான புதிதில் ஒருநாள் காலையில் 'கொட்டை வடிநீர்' கொண்டு வரச் சொன்னார். சோறு வடித்த கஞ்சியை டம்ளரில் ஊற்றி முன்னால் வைத்தேன். அன்றிலிருந்து எங்கள் வீட்டில் காப்பி காப்பிதான்.

அவர் பெயர் தணிகாசலம். அதிலும் 'அசலம்' வடசொல் என்று கண்டுபிடித்துத் தணிகைமலை என்று மாற்றிக்கொள்ளப் பார்த்தார். "மலைன்னு கூப்ட்டா என் வாய் வலிக்கும்டா" என்று மாமியார் சொல்லிவிட்டதால் அந்த ஆசையும் போயிற்று. நாத்திகம் பேசுவார், மேடை கிடைத்தால் விடமாட்டார். வல்லக்கோட்டைக்கு ஊரே காவடி எடுத்துக்கொண்டு போகும்போது இவர் அந்தத் திசைக்கு முதுகைக் காட்டிக்கொண்டு பேப்பர் படிப்பார்.

நாங்கள் இருவரும் வேலை செய்தது செங்கமலம் போல்ட் கம்பெனியில். ஒரகடத்திலிருந்து வாலாஜாபாத் போகிற ரோட்டில், அப்போது சுற்றிலும் வேர்க்கடலைக் கொல்லைதான். எழுபத்தெட்டாம் வருஷம். அவர் டைம் ஆபீசில் கார்டு பார்ப்பவர், நான் பேக்கிங்கில். மதியம் மணி அடித்தால் நான் டைம் ஆபீசுக்குப் போவேன். கட்டி வந்த கேரியரை இருவரும் பிரித்துச் சாப்பிடுவோம்.

மற்றவர்கள் சாப்பிடுகிற இடத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். ஊர்க்காரர்கள் புங்கமரத்தடியில். காலனிக்காரர்கள் தண்ணீர்த்தொட்டிக்குப் பின்னால். யாரும் கோடு கிழித்து வைக்கவில்லை, எந்தச் சூப்பர்வைசரும் சொல்லவில்லை. காலையிலிருந்து ஒரே மிஷினில் ஒருத்தர் பிடிக்க ஒருத்தர் திருகுவார்கள். ஒரே கந்தல் துணியில் கையைத் துடைத்துக்கொள்வார்கள், ஒரே தீக்குச்சியில் பீடி பற்றவைப்பார்கள். மணி அடித்ததும் மட்டும் கால்கள் தாமாகவே இரண்டு பக்கம் பிரிந்து போகும்.

பேக்கிங்கில் என் பக்கத்தில் இருந்தவள் பாப்பம்மாள். காலனிக்காரி. புருஷன் இல்லை, பள்ளிக்கூடம் போகிற இரண்டு பெண் பிள்ளைகள். போல்ட்டில் தடவுகிற எண்ணெய் அவள் உடம்புக்கு ஆகவில்லை, விரல் இடுக்கெல்லாம் வெடித்து நீர் வடிந்தது. இனிமேல் எண்ணெயைத் தொட்டால் கையே போய்விடும் என்று டாக்டர் சொல்லிவிட்டார். லீவில் இருந்தாள். அவள் இடத்தில் வேறொரு பெண்ணையும் போட்டுவிட்டார்கள்.

அந்தச் சமயத்தில்தான் கேண்டீன் வந்தது. ஆள் கூடிவிட்டது, கேண்டீன் இல்லாமல் முடியாது என்று சட்டம் பேசினார்கள். முதலாளி சிமெண்ட் ஷீட் போட்டு ஒரு ஷெட் கட்டினார். யார் சமைப்பது என்று பேச்சு வந்தபோது நான்தான் பாப்பம்மாளைச் சொன்னேன். காலனியில் கல்யாணமோ சாவோ, எதுவானாலும் அடுப்பில் அண்டா ஏற்றுவது அவள்தான். அதற்குள் கையும் ஆறிவிட்டிருந்தது. முதலாளி சென்னைக்காரர், திங்கட்கிழமை திங்கட்கிழமை காரில் வந்து போகிறவர். அவள் வைத்த சாம்பாரை ஒரு கரண்டி வாயில் விட்டுப் பார்த்துவிட்டு, "நல்லாத்தான் கீது. ஒரு மாசம் பாக்கலாம்மா. ஆளுங்க சாப்ட்டா நீயே இரு. சோறு மிஞ்சிச்சின்னா வாலாஜாபாத் ஓட்டல்காரன் ரெடியா கீறான், அவனுக்கு வுட்டுடுவேன்" என்றார்.

பேக்கிங்கில் இடம் இல்லை, எண்ணெயைத் தொடவும் முடியாது. அவளுக்கு இருந்தது அந்த அண்டா ஒன்றுதான்.

சோறு மிஞ்சியது. காலனி ஆட்கள் வந்தார்கள். திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்து ரூம் எடுத்துத் தங்கியிருந்த பையன்கள் வந்தார்கள். யார் யார் என்ன என்று தெரியாத ஊரில் அவர்களுக்குப் பசி மட்டும்தான் தெரியும். புங்கமரத்தடி மட்டும் கலையவில்லை. ஆளுக்கொரு காரணம் வைத்திருந்தார்கள். லேத்தில் இருக்கும் முனிரத்தினத்துக்கு வெளிச்சாப்பாடு வயிற்றுக்கு ஆகாது. ஆனால் அவரை ரோட்டோரப் பரோட்டாக் கடையில் பார்க்காத ஆள் கிடையாது. இன்னொருத்தர், பெண்டாட்டி கட்டிக்கொடுத்ததைத் தின்னாவிட்டால் அவள் அழுவாள் என்றார். "அது கையப் பாத்தியா" என்று மெதுவாகச் சொன்னவர்களும் உண்டு. பாப்பம்மாள் இரண்டு கையையும் விரித்து என்னிடம் காட்டினாள்.

"பாருக்கா, ஒரு தழும்பாவது கீதா? இன்னும் இன்னா வோணுமாம் இவங்களுக்கு?"

அவர்களுக்கு என்ன வேண்டும் என்று எங்கள் இருவருக்குமே தெரியும். சாயங்காலம் மிஞ்சின சோற்றை அவள் தூக்கில் அள்ளிக்கொண்டு போவாள். பிள்ளைகளுக்கு அது கொண்டாட்டம். அவளுக்கு அதைப் பார்க்கவே பயம்.

என் வீட்டுக்காரரும் அந்த ஷெட் பக்கம் போகவில்லை. "நீ கட்ற கேரியர் கீது, அப்பால இன்னா?" என்பார். அதற்கு மேல் கேட்டால் பேப்பரைத் தூக்கி முகத்துக்கு நேரே பிடித்துக்கொள்வார். புங்கமரத்தடி முழுக்க இவரைத்தான் பார்த்துக்கொண்டிருந்தது. சமத்துவம் பேசுகிற நம்ம சாரே போகவில்லை என்றால் நமக்கு என்ன வந்தது என்று அவர்களுக்கு ஒரு நிம்மதி.

இதற்கு நடுவில் போர்டு வேலை வந்து சேர்ந்தது. பெயர்ப்பலகையில் தமிழ் இருக்க வேண்டும் என்று எல்லா இடத்திலும் பேச்சு அடிபட்ட காலம். முதலாளி எழுதும் பொறுப்பை இவரிடம் விட்டார். இவருக்குத் தலைகால் புரியவில்லை. போல்ட்டுக்கு மரையாணி என்று ஒரே நாளில் முடித்துவிட்டார். கம்பெனியில்தான் மாட்டிக்கொண்டார். நிறுவனம் என்று போடலாமே என்றால், அதில் கல்லும் மண்ணும்தான் தெரிகிறது, ஆள் தெரியவில்லை என்றார். வேர் தெரியாமல் சொல் ஆக்கக்கூடாதாம். ஸ்ரீபெரும்புதூரில் ஒரு இங்கிலீஷ் வாத்தியாரிடம் தலையணை கனத்துக்கு ஒரு அகராதியை இரவல் வாங்கி, சைக்கிளில் கயிறு போட்டுக் கட்டிக்கொண்டு வந்தார்.

ஒரு சாயங்காலம் நான் மாவாட்டிக்கொண்டிருந்தேன். உள்ளேயிருந்து கூச்சல்.

"சுந்தரா! இங்க வா! கெடச்சிட்ச்சி!"

மாவுக் கையோடு போனேன். மனுஷன் முகம் அப்படி மலர்ந்திருந்தது.

"கம்பெனி, கம்பெனின்றமே, அது இங்கிலீஷ்காரனுதே இல்ல. லத்தீன். கம்முன்னா கூட. பானிஸ்னா ரொட்டி. கூட குந்திகினு ஒரே ரொட்டியப் பிட்டுத் தின்றவங்க, அவங்கதான் கம்பெனி. அப்பாலதான் வியாபாரம் பண்றவனுங்க கூட்டு சேந்து அந்தப் பேர எடுத்துகினானுங்க."

"அப்போ மிஷினு, முதலாளி, ஷிஃப்டு, அதெல்லாம்?"

"அதெல்லாம் பின்னால வந்தது. மொதல்ல சோறுதான்."

எனக்கு நிஜமாகவே அதிசயமாக இருந்தது. தினமும் 'கம்பெனிக்குப் போறேன், கம்பெனிக்குப் போறேன்' என்று சொல்லிக்கொண்டு போகிற வார்த்தைக்குள் இப்படி ஒரு பந்தி உட்கார்ந்திருக்கிறது என்று யாருக்குத் தெரியும்?

"அப்பிடின்னா பாப்பம்மா ஷெட்டு ஒண்ணுதாங்க கம்பெனி. மத்தது எல்லாம் சும்மா" என்றேன்.

மலர்ந்த முகம் சுருங்கிவிட்டது. "எதுக்கெடுத்தாலும் அத ஏன் இழுக்குற? நான் சொல்லாராய்ச்சி பண்ணிகினு கீறேன்" என்றார். நான் மாவைப் பார்க்கப் போய்விட்டேன்.

ராத்திரிக்குள் சொல் பிறந்துவிட்டது. உடனுண்ணகம்.

ஆயுத பூஜையன்று போர்டு திறப்பு. இவருக்கு அது ஆயுத பூஜை இல்லை, கருவி நாள். மிஷினுக்கெல்லாம் சந்தனம் குங்குமம் வைத்து, வாழைக்கன்று கட்டி, எலுமிச்சம்பழம் நசுக்கி முடிந்ததும் எல்லோரும் கேட்டுக்கு வந்தோம். முதலாளி துணியை இழுத்தார். 'செங்கமலம் மரையாணி உடனுண்ணகம்' என்று நீல எழுத்தில் பளிச்சென்று இருந்தது. கூட்டத்துக்குப் புரியவில்லை. ரோட்டில் போன ஒரு லாரிக்காரர் வண்டியை ஓரங்கட்டி, "சாப்பாடு ரெடியா?" என்று கேட்டுவிட்டுப் போனார்.

இவர் பேச ஆரம்பித்தார். நான் குறை சொல்ல மாட்டேன், அன்றைக்கு நன்றாகவே பேசினார்.

"தோழர்களே! கம்பெனி என்னும் சொல்லின் வேர் என்ன? ஒரே உணவைப் பங்கிட்டு உடன் அமர்ந்து உண்பவர்கள் என்பதே அதன் முதற்பொருள். இரும்பு பின்னே வந்தது. இலாபம் பின்னே வந்தது. உடன் உண்ணுதலே முன்னே வந்தது. உடன் உண்ணாதவர்கள் ஓராயிரம் பேர் ஒரு கூரையின் கீழ் உழைத்தாலும் அது வெறுங் கூட்டமேயன்றி உடனுண்ணகம் ஆகாது!"

கை தட்டினார்கள். முனிரத்தினம் கூடத் தட்டினார். முதலாளிக்கு ஒரே சந்தோஷம்.

"பிரமாதம் தணிகாசலம்! இன்னிக்கு எல்லாருக்கும் நம்ம கேண்டீன்லதான் சாப்பாடு. பேசினவருக்குத்தான் மொதல் எல. வாங்க" என்று இவர் தோளில் கை போட்டு ஷெட்டுக்கு அழைத்துப் போனார்.

உள்ளே வரிசையாக இலை போட்டிருந்தது. பாப்பம்மாள் புதுப் புடவையில் கரண்டியோடு நின்றாள். வடை, பாயசம், சாம்பார் என்று விடியலிலிருந்து அடுப்படியில் நின்றவள். முதல் இலைக்கு நேராக எல்லோர் கண்ணும் இருந்தது. இவர் இலையைப் பார்த்தார். அவளைப் பார்த்தார்.

"மன்னிக்கணும் சார். இன்னிக்கு எனக்கு விரதம்" என்றார்.

"விரதமா? உங்களுக்கா?"

"வல்லக்கோட்டை முருகனுக்கு. ஒரு வேண்டுதல்."

எனக்குச் சிரிப்பு வந்திருக்க வேண்டும். வரவில்லை. முருகனுக்கு முதுகு காட்டின மனுஷன், ஒரு பிடி சோற்றுக்குப் பயந்து அவன் காலிலேயே போய் விழுந்ததைப் பார்த்து எனக்கு அவமானமாக இருந்தது. முனிரத்தினம், "நம்ம சாருக்கே விரதம்ன்னா" என்று சொல்லி நகர்ந்தார். மரத்தடிக்காரர்கள் ஒவ்வொருவராகப் பொரிப் பொட்டலத்தை எடுத்துக்கொண்டு வெளியே போனார்கள். முதலாளி ஒரு வடையைக் கடித்தபடி வெறும் இலைகளைப் பார்த்துக்கொண்டிருந்தார். பாப்பம்மாள் கரண்டியைக் கீழே வைக்கவில்லை, வைத்தால் அழுதுவிடுவாள் என்று எனக்குத் தெரிந்தது.

நான் போய் அந்த முதல் இலையில் உட்கார்ந்தேன்.

"போடு பாப்பம்மா. எனக்கு ஒரு வேண்டுதலும் இல்ல, பசிதான் கீது."

என்னைப் பார்த்து பேக்கிங் மரகதம் உட்கார்ந்தாள், அவளோடு இன்னும் சில பெண்கள். நாங்கள் சாப்பிட்டு முடிக்கும்வரை என் வீட்டுக்காரர் வாசலில் நின்றிருந்தார். சொன்ன பொய்க்காக நாள் முழுக்கப் பட்டினி கிடந்தார், பாவம்.

சாயங்காலம் வீட்டில் தட்டு வைத்தேன். சோறு போட்டேன். அவர் கையை நனைக்கும் முன்னால் சொன்னேன்.

"பாப்பம்மா கையால துன்னுட்டு வந்த கையி இது. இந்தக் கையாலதான் ஆக்கிக் கீறேன். துன்றதும் துன்னாததும் உங்க இஷ்டம்."

அவர் சாப்பிட்டார். அந்தப் பசிக்கு அவர் வேறு என்ன செய்வார்? மூன்றாம் முறை சோறு போடும்போது, "நாளையிலேர்ந்து கேரியர் கெடையாது. நான் கேண்டீன்ல துன்னுக்கறேன். ஒரு ஆளுக்காக அடுப்பு பத்த வெக்க முடியாது" என்றேன்.

"அப்போ நான்?"

"வெரதம் இருங்க. பழக்கம்தான் வந்துட்ச்சே."

மறுநாளிலிருந்து மதியத்தில் டீயும் பொறை ரொட்டியுமாக ஓட்டினார். நான் இரங்கவில்லை. பெண்கள் பந்தி கேண்டீனில் நிலைத்துவிட்டது. ஆனால் பெண்கள் நாங்கள் கொஞ்சம் பேர், புங்கமரத்தடிதான் பெரிய கூட்டம். அண்டாவில் பாதி அப்படியே நின்றது. மாசம் முடிய, திங்கட்கிழமை முதலாளி வந்து பார்க்கப் போகிறார். ஓட்டல்காரர் முந்தின வாரமே சைக்கிளில் வந்து ஷெட்டைச் சுற்றிப் பார்த்து, அடுப்பை எந்தப் பக்கம் மாற்றலாம் என்று அளந்துவிட்டுப் போனார். பாப்பம்மாள் அதை அடுப்படியிலிருந்து பார்த்தபடி கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள்.

சனிக்கிழமை, எல்லோரும் சாப்பிட்டுப் போனபிறகு, நான் அவளுக்குப் பாத்திரம் ஒழிக்கக் கை கொடுத்துக்கொண்டிருந்தேன். வாசலில் நிழல் தட்டியது. என் வீட்டுக்காரர்.

"பாப்பம்மா, ஒரு சாப்பாடு டைம் ஆபீசுக்கு அனுப்பிச்சிடு. திங்கக்கெழமையிலேர்ந்து தினம் அப்பிடியே அனுப்பு. முதலாளி கேட்டா நானும் கேண்டீன்ல சாப்பிடறேன்னு சொல்லிடறேன்."

எனக்கு அப்பாடா என்றிருந்தது. இவர் சாப்பிடுகிறார் என்று தெரிந்தால் மரத்தடியும் மெல்ல ஆளனுப்பி வாங்கும். அண்டா காலியாகும், அவள் வேலை நிலைக்கும். நான் தட்டைத் தேடி எழுந்தேன்.

பாப்பம்மாள் கையைத் துடைத்துக்கொண்டாள்.

"அனுப்ப மாட்டேன் சார்."

"ஏன்?"

"இங்க வந்து குந்துங்க, வயிறு ரொம்பப் போடறேன். கதவச் சாத்திகினு துன்றதுக்கு நான் அனுப்ப மாட்டேன். கூட குந்தி துன்றவங்கதான் கம்பெனின்னு அன்னிக்கு நீங்கதான சொன்னீங்க? அப்பிடி ஒளிஞ்சி துன்றவங்களுக்கு இன்னா பேருன்னு உங்க புக்குல போட்டுகீதா?"

அவர் திரும்பிப் போய்விட்டார்.

"உனக்கு இன்னா புத்தி கெட்டுப்போச்சா? தானா வந்த சோத்துப் பொழப்ப எட்டி ஒதைக்கிறியே!" என்று கத்தினேன்.

"வேல போனா போவட்டும்க்கா. எம் பொண்ணுங்களும் நாளைக்கி இந்த மாதிரி எடத்துக்குத்தான் வரப் போவுதுங்க. சோத்த மட்டும் வாங்கிகினு ஆள வெளிய நிறுத்தறதுன்னா, அதுக்கு மரத்தடியே தேவல" என்றாள். அவளுக்கும் பயம்தான். நான் அவள் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டேன், திட்ட மனசு வரவில்லை.

ஞாயிற்றுக்கிழமை முழுக்க அவர் அகராதியைத் திறக்கவே இல்லை. விளக்கு வைக்கிற நேரத்தில் சொன்னார்.

"தினம் அந்த போர்டுக்குக் கீழ தலையக் குனிஞ்சிகினுதான் போறேன் சுந்தரா. யாரோ எழுதினதுன்னா பரவால்ல. நான் எழுதினது."

நான் பதில் சொல்லவில்லை. சொன்னால் மறுபடியும் பேச ஆரம்பித்துவிடுவாரோ என்று பயம்.

திங்கட்கிழமை முதலாளியின் கார் வந்து நின்றது. மதிய மணி அடித்தது. கூட்டம் வழக்கம்போல இரண்டாகப் பிரிந்து நடந்தது. டைம் ஆபீஸ் கதவு திறந்து இவர் வெளியே வந்தார். புங்கமரத்தடியைத் தாண்டித்தான் ஷெட்டுக்குப் போக வேண்டும். எல்லோரும் பார்க்க, வேகமாகவும் இல்லாமல் மெதுவாகவும் இல்லாமல் தாண்டினார். உள்ளே வந்து, சின்னப்பையன் என்கிற காலனிக்காரருக்குப் பக்கத்தில் காலியாக இருந்த தட்டின் முன் உட்கார்ந்தார். சின்னப்பையன் தானாகவே கொஞ்சம் நகர்ந்தார்.

"எங்க போற? குந்து" என்றார் இவர்.

பாப்பம்மாள் சோறு போட்டாள், சாம்பார் ஊற்றினாள். முதல் கவளத்தை எடுக்கும்போது இவர் கை நின்றதை நான் பார்த்தேன். பிறகு வாயில் வைத்தார். விழுங்கினார். அடுத்த கவளம் சீக்கிரம் போயிற்று. அதற்கடுத்தது இன்னும் சீக்கிரம்.

வாசலில் முனிரத்தினம் நின்றிருந்தார். "இன்னா சார், எப்படி கீது?" என்றார்.

"வந்து துன்னு பாரு" என்றார் இவர், வாயில் சோற்றோடு. தனித்தமிழ் எல்லாம் எங்கேயோ போயிருந்தது.

முனிரத்தினம் வந்தார். அவர் பின்னால் இன்னும் சிலர், அவர்கள் பின்னால் இன்னும் சிலர். எல்லோரும் வரவில்லை. கடைசிவரை மரத்தடியை விடாதவர்களும் இருந்தார்கள், அவர்களைப் பற்றி நான் பொய் சொல்ல மாட்டேன். ஆனால் ஷெட் நிறைந்தது. முதலாளி எட்டிப் பார்த்துத் தலையாட்டிவிட்டுப் போனார். என் வீட்டுக்காரர் மறுபடி தட்டை நீட்டி, "இன்னும் கொஞ்சம் போடும்மா" என்றார். ரசத்துக்கும் வாங்கினார், மோருக்கும் வாங்கினார்.

மணி அடித்து எல்லோரும் எழுந்தபோது பாப்பம்மாள் அண்டாவைச் சாய்த்துப் பார்த்துக்கொண்டிருந்தாள். அடியில் ஒரு பருக்கை இல்லை. அப்படியே தரையில் உட்கார்ந்து முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அழுதாள்.

கை கழுவிவிட்டு வந்த என் வீட்டுக்காரருக்கு ஒன்றும் புரியவில்லை.

"ஏன் அழுவுற? நீ சாப்ட்டியா?" என்று கேட்டார்.

"எங்க சார்?" என்றாள் அவள், அழுதுகொண்டே சிரித்து. "ரெண்டாவது தபா வாங்கினீங்களே, அது என்னுது."

மனுஷன் ஈரக் கையைத் துடைக்காமல் அங்கேயே நின்றார்.